உழைப்பும் பொருளும் மனநிறைவும்



கோயம்புத்தூரை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலத்தில், எங்களுக்கு நேரத்தை அறிவித்தது பள்ளிமணி மட்டும் அன்று. அருகிலிருந்த பஞ்சாலையின் சங்கும் அறிவித்தது. சங்கு ஊதியதும் ஒரு முறையினர் உள்ளே செல்வர். மற்றொரு முறையினர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு படிந்தபடி வெளியே வருவர். என் மாணவரிற் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகளே.

ஒரு நாள் பிற்பகல், "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்னும் பழமொழியை விளக்கிக் கட்டுரை எழுதப் பணித்தேன். ஆசையின் தீமையையும் நிறைவின் இன்பத்தையும் அழகாகவே எடுத்துரைத்ததாக எண்ணிக்கொண்டேன். அப்பொழுது கடைசிப் பலகையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான். "சார், இந்தப் பழமொழி மில்லுல வேல செய்யற எங்கப்பாவுக்குங்களா, இல்ல மில் மொதலாளிக்குங்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "இருவருக்குந்தான், உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான். ஆனால் அவன் கேட்டதற்கு அது விடையாகாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஆலையில் அப்போது இரண்டு மாதக் கூலி நிலுவையில் இருந்தது. அந்தச் சிறுவன் குறும்பு செய்யவில்லை. தன் வீட்டு அடுப்பை எண்ணிக் கேட்டான்.

அந்த வினாவை நான் பல ஆண்டுகள் சுமந்து திரிந்தேன். வரலாற்று நூல்களைப் புரட்டும்போது, அது புதிய வினா அன்று என்று கண்டேன். உழைப்பின் மதிப்பு யாது, பொருளை எவ்வாறு உடைமையாகக் கொள்ளுவது, "போதும்" என்று யார் யாரை நோக்கிச் சொல்லலாம் என்னும் மூன்று வினாக்களும் உலகிலுள்ள எல்லாச் சமயங்களையும் வருத்தியவை. அவற்றுள் கிறிஸ்தவ மரபை இன்று எடுத்துக்கொள்கிறேன். காரணம் யாதெனில், அம்மரபு நம் கொங்கு நாட்டில் கோயிலாகவும் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் ஆலையாகவும் கண்ணெதிரே நின்ற ஒன்று. ஒரு சமயத்தைப் புகழ்வதோ பழிப்பதோ என் நோக்கம் அன்று. வரலாற்று மாணவனாகவே பேசுகிறேன்.

முதலில் மூலத்தைக் காண்போம். இயேசு பெருமான் தச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் வளர்ந்தவர். அவருடைய முதற் சீடருட் சிலர் மீன் பிடிப்போர். அவருடைய நெறியை மத்தியதரைக் கடற்கரை நகரங்களிற் பரப்பிய பவுல், கூடாரம் செய்யும் தொழிலால் தம் உணவைத் தேடிக்கொண்டவர். அக்காலத்துக் கிரேக்க நாட்டுக் கற்றோர் பலர், கைத்தொழில் அடிமைகட்கு உரியது என்றும், சுதந்திரமுள்ள மனிதனுக்கு இழுக்கு என்றும் கருதினர். அத்தகைய உலகில், காய்த்துப்போன கைகளோடு ஒருவர் ஞானம் போதித்தார் என்பது சிறிய செய்தி அன்று.

உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் உரிமையற்றவன் என்ற கருத்தைப் பவுல் தெசலோனிக்கே நகரத்தார்க்கு எழுதினார். இதைப் பின்வந்தோர் பலர் ஏழைகளின் மேல் எறியும் கல்லாகப் பயன்படுத்தினர். ஆனால் அவர் கடிந்துகொண்டது உழைக்க மனமில்லாதவரையே. வேலை கிடைக்காதவரையோ உடல் வலிமை அற்றவரையோ அன்று. இந்த வேறுபாட்டை மாணவர்கள் மறத்தல் ஆகாது.

மனநிறைவைப் பற்றியும் பவுல் எழுதினார். குறைவிலும் நிறைவிலும் ஒரே மனத்தோடு வாழத் தாம் கற்றுக்கொண்டதாகப் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தில் கூறுகிறார். அதை அவர் எழுதிய இடம் சிறைச்சாலை. அவர் பேசியது தம் பசியைப் பற்றி. பிறர் பசியைப் பற்றி அன்று. பிறர் பசி என்று வந்தபோது அதே வேதாகமம் வேறு குரலில் பேசுகிறது. யாக்கோபின் நிருபம், வயலை அறுத்த கூலியாட்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலியே செல்வருக்கு எதிராகக் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறது. ஆகவே மூலநூலில் நிறைவு என்பது ஒருவன் தனக்கு விதித்துக்கொள்ளும் நோன்பு. கூலி என்பது பிறனுக்கு அவன் தீர்க்கவேண்டிய கடன். இவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்தபோதெல்லாம் வரலாற்றில் தீங்கு விளைந்தது.

பின்வந்த நூற்றாண்டுகளைச் சுருக்கமாகக் காண்போம். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில் வழிபாட்டோடு உடலுழைப்பையும் நாள்தோறும் செய்ய விதித்தார். துறவியர் காடு திருத்தினர், வயல் உழுதனர், நூல்களைப் படியெடுத்தனர். உழைத்தார்கள், ஆனால் செலவு செய்யவில்லை. ஆகவே மடங்களிற் செல்வம் குவிந்தது. அந்தச் செல்வமே பின்னர் மடங்கட்குச் சோதனையாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அசிசி நகரத்துத் துணி வணிகர் ஒருவரின் மகனான பிரான்சிஸ், தந்தையின் செல்வத்தைத் துறந்து வறுமையை மணந்துகொண்டது இந்தச் சோதனைக்கு ஒரு விடையாகும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான மார்ட்டின் லூதர், குருவின் பணி மட்டுமே இறைவனின் அழைப்பு அன்று. செருப்புத் தைப்பவன், உழவன், இல்லத்தரசி ஆகியோர் பணியும் இறைவனின் அழைப்பே என்று வாதிட்டார். இக்கருத்தும் கால்வின் வழிவந்தோரின் சிக்கனமும் சேர்ந்து முதலாளித்துவத்தின் மனப்பான்மையை உருவாக்க உதவின என்று மாக்ஸ் வேபர் என்னும் ஜெர்மன் அறிஞர் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் எழுதினார். அறிஞர்கள் இன்னும் அதை ஆதரித்தும் மறுத்தும் எழுதிவருகின்றனர். ஆனால் வேபருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி இதன் மறுபக்கத்தைக் கண்டு வருந்தினார். பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கிறது. உழைப்பும் சிக்கனமும் செல்வத்தைப் பெருக்குகின்றன. செல்வம் பெருகப் பெருகப் பக்தி தேய்கிறது. இந்தச் சுழலினின்றும் தப்ப அவர் கண்ட வழி ஒன்றே: நேர்மையாக ஈட்டியதையும் சிக்கனமாகச் சேர்த்ததையும் தாராளமாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது.

இந்தப் பழைய விவாதம் நம் கொங்கு நாட்டுக்கு வந்தபோது இங்கே வெற்றிடம் இருக்கவில்லை. உழைப்பின் அருமையைக் கொங்கு உழவனுக்கு எவரும் கடல் கடந்து வந்து கற்பிக்க வேண்டியதாயில்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தில், ஆழக் கிணறு வெட்டி, எருது பூட்டிய கவலையால் நீர் இறைத்துச் சோளமும் கம்பும் பருத்தியும் விளைவித்தவன் அவன். திருவள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரமும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும், பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரமும், ஈகைக்கும் வெஃகாமைக்கும் ஒவ்வோர் அதிகாரமும் வகுத்திருக்கிறார். லண்டன் மிஷனைச் சேர்ந்து ஈரோட்டில் பணியாற்றிய எச். ஏ. பாப்ளி, குறளின் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1931-இல் நூலாக வெளியிட்டார். போதிக்க வந்தவர் கற்றுக்கொண்டவராகவும் ஆனார் என்பதற்கு அது சான்று.

கொங்கு நாட்டின் எல்லைக்குள் வந்த முற்காலத்துக் கிறிஸ்தவத் துறவியருள் முதன்மையானவர், தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த ராபர்ட் தெ நொபிலி. இத்தாலிய உயர்குடியிற் பிறந்த அவர், மதுரையிலிருந்து 1623-இல் புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கங்களுக்கு வந்தார். காவியுடையும் எளிய மரக்கறி உணவும் அவர் வாழ்க்கை. செல்வத்தைத் துறந்தவனே ஞானம் போதிக்கத் தக்கவன் என்னும் நம் நாட்டுக் கருத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பொருளைத் துறப்பது ஒரு வகை; பதவியைத் துறப்பது மற்றொரு வகை. கோவைக்குக் கிழக்கே அவிநாசிச் சாலையிலுள்ள கருமத்தம்பட்டியின் பழமையான கத்தோலிக்க ஆலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1846-இல் அங்கேதான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆயராகத் திருநிலை பெற்றார். கோவைப் பகுதியின் திருச்சபைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. இந்நாட்டவரே இந்நாட்டுத் திருச்சபையை நடத்தவேண்டும் என்று அவர் விரும்பினார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் அனுமதிப்பது பற்றிய பிணக்கு அவர் மனச்சான்றை உறுத்தியது. மனம் ஒப்பாத பதவியில் அமர்ந்திருக்க அவர் இசையவில்லை. 1855-இல் பதவியிலிருந்து விலகி, அடுத்த ஆண்டே பிரான்சு நாட்டு லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். 1859-இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பிரீடவுன் நகருக்குச் சென்று, சில வாரங்களிலேயே கொள்ளைநோயால் மாண்டார். மாளிகையில் "போதும்" என்று அமர்ந்திருக்க வாய்ப்பிருந்தும் அமராதவர் அவர்.

பிராட்டஸ்டண்டு மரபினர் வருகையும் அக்காலத்தையொட்டியதே. லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் டபிள்யூ. பி. ஆடிஸ் 1830-இல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். இவ்வியக்கங்களால் ஈர்க்கப்பட்டோரில் மிகப் பலர் நிலமற்றோர். ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோர். விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை பாடுபட்டோர். இவர்களிடம் உழைப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தால் அது நகைப்புக்கு இடமாகும். இவர்கட்குத் தேவைப்பட்டது எழுத்தறிவு, மருந்து, மற்றொரு தொழிலுக்குச் செல்லும் வழி ஆகியவையே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் சேலம், கோவை மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியபோது, இத்தேவை எல்லார்க்கும் வெளிப்படையாயிற்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் காப்பதும், அவர்கட்குக் கைத்தொழில் கற்பிப்பதும் மிஷன்களின் கடமைகளாயின. அக்காலத்தில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கரூரில் வெஸ்லியன் மிஷன் நடத்திய தொழிற்பள்ளி இவ்வகையைச் சார்ந்தது.

மலைக்கு அப்பால் நம் அண்டை நாடான மலபாரிலும் கன்னட நாட்டுக் கரையோரத்திலும் பாசல் மிஷன் இதை இன்னும் பெரிய அளவிற் செய்தது. சமயம் மாறியதால் பழைய தொழிலையும் உறவையும் இழந்தவர்கட்கு வேலை கொடுக்க அவர்கள் நெசவாலைகளை நடத்தினர். 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை கண்டனர். நம் ஊர்ப் பழைய வீடுகளின் கூரையில் இன்றும் காணும் மங்களூர் ஓட்டின் வரலாறு அங்கே தொடங்குகிறது. ஆனால் அங்கே ஒரு புதுச் சிக்கலும் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை உபதேசம் செய்யும் நிறுவனமே திங்கட்கிழமை கூலி கொடுக்கும் முதலாளியும் ஆயிற்று. உபதேசமும் கூலிப் பட்டியலும் ஒரே கையிலிருந்து வரும்போது, நிறைவைப் பற்றிய போதனையைத் தொழிலாளி எவ்வாறு கேட்பான் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இச்சிக்கலை நம் கோவையிலேயே காணவேண்டுமாயின் ராபர்ட் ஸ்டேன்ஸின் வரலாற்றுக்கு வரவேண்டும். 1841-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1858-இல், பதினேழு வயதையொட்டிய இளைஞராகக் கோவை வந்தார். 1861-இல் காப்பிக்கொட்டை பதனிடும் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1862-இல், ஒரு சிறு பள்ளியையும் தொடங்கினார். வணிகம் வேரூன்றி, செல்வம் திரண்டு, முதுமையில் அறம் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இருபத்தொரு வயதில், தொழில் தொடங்கிய மறு ஆண்டிலேயே பள்ளிக்கு வித்திட்டார். ஸ்டேன்ஸ் பள்ளி என்று இன்றும் விளங்குவது அதுவே. 1888-இல் அவர் முயற்சியால் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்ஸ் தோன்றியது. மக்கள் அதை ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தனர். கோவை பஞ்சாலை நகரமாக வளர்ந்ததற்கு அது முதற்படி. 1920-இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. 1922-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டக் கம்பெனி ஒன்றையும் நிறுவினார். 1936-இல், ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார்.

பக்தி மிக்க கிறிஸ்தவரான ஸ்டேன்ஸிடம் நாம் காண்பது, பொருள் என்பது இறைவன் ஒருவன் கையில் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் என்னும் மனப்பான்மை. எசமானன் கொடுத்த தாலந்தை மண்ணிற் புதைத்துவைத்த வேலைக்காரனைக் கடிந்துகொள்ளும் உவமையைக் கிறிஸ்தவர் நன்கறிவர். பொருளைப் பெருக்குவதும் கடமை, அதைப் பொதுநலத்துக்குச் செலவிடுவதும் கடமை என்பது அதன் சாரம். இம்மனப்பான்மை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியது அன்று. 1926-இல் பீளமேட்டில் பி. எஸ். ஜி. குடும்பத்துச் சகோதரர் நால்வர் தம் குடும்பச் சொத்தைப் பங்கிட்டபோது, அதை நான்காகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தனர். ஐந்தாவது பங்கு அறத்துக்கு உரியதாயிற்று. அந்தப் பங்கிலிருந்து எழுந்த கல்லூரிகளில் உங்களிற் பலர் இன்று பயில்கிறீர்கள். சமயம் வேறு, நெறி ஒன்றே.

ஆயினும் வரலாறு இங்கே முடியவில்லை. அடைக்கலப் பொருள் என்னும் கருத்து முதலாளியின் கைக்கு வழிகாட்டுகிறது. தொழிலாளிக்கு அது குரல் கொடுப்பதில்லை. 1932-இல் பைக்காரா மின்னாற்றல் வந்தபின் கோவையில் ஆலைகள் விரைந்து பெருகின. 1937-ஆம் ஆண்டையொட்டி வேலைநிறுத்தங்களும் பெருகின. சென்னை மாகாண அரசு பஞ்சாலைத் தொழிலாளர் நிலையை ஆராய விசாரணை மன்றம் ஒன்றை அமைக்கும் நிலை வந்தது. ஸ்டேன்ஸ் மறைந்து பத்தாண்டுகளில், 1946-இல், ஸ்டேன்ஸ் மில்லின் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. பள்ளி கட்டிய அதே பெயரோடு இந்நிகழ்ச்சியும் கோவையின் நினைவில் இணைந்து நிற்கிறது. ஒருவருடைய நல்லெண்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அது சட்டத்துக்கும் சங்கத்துக்கும் மாற்றாகாது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஓய்வைப் பற்றியும் ஒரு சொல். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருத்தல் யூதர் மரபிலிருந்து கிறிஸ்தவ மரபுக்கு வந்த கட்டளை. அந்தக் கட்டளை எசமானனுக்கு மட்டும் அன்று, அவன் வேலைக்காரனுக்கும் எருதுக்கும் உரியது. ஆனால் கிறிஸ்தவ அரசர் ஆண்ட இந்தியாவிலேயே, ஆலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைக்க 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆலயத்தில் வாசிக்கப்பட்ட கட்டளை ஆலையின் வாயிலைக் கடக்கச் சட்டத்தின் துணை வேண்டியதாயிற்று.

இனி, "போதும்" என்னும் சொல்லை வேறொரு கோணத்திலிருந்து ஆராய்ந்த ஒருவரைக் காண்போம். அவர் கொங்கு நாட்டவர் அல்லர். ஆயினும் அவர் வாதாடிய கதரும் குடிசைத் தொழிலும் கொங்கு நாட்டு வாழ்வோடு நெருங்கியவை. ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் கண்டார். திருப்பூரோ தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் தலைமை நிலையமாக விளங்கியது. பஞ்சகாலத்தில் கைராட்டையால் கஞ்சி குடித்த பெண்கள் இவ்வூர்களிற் பலர். இந்தக் கைராட்டைக்குப் பொருளியல் அறிஞராக நின்று வழக்குரைத்தவர் ஜே. சி. குமரப்பா.

1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் வருவாய் மிக்க கணக்காய்வாளராக வாழ்ந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று பொது நிதியியல் படித்தார். இந்தியாவின் வறுமைக்கு வரிவிதிப்பு எவ்வாறு காரணமாயிற்று என்று ஆராயத் தொடங்கிய அவர், 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்றிலிருந்து மேனாட்டு உடையும் பம்பாய் வருவாயும் அவரை விட்டு நீங்கின. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகி வார்தாவிலிருந்து பணியாற்றினார். சட்டமறுப்பைக் கண்டித்த ஆங்கிலிக்கத் திருச்சபைத் தலைவர் வெஸ்ட்காட்டுக்கு, இயேசுவின் போதனையையே சான்றாகக் காட்டி மறுப்பெழுதியவரும் அவரே.

சிறையிலிருந்தபோது அவர் இரு நூல்களை எழுதினார். 1945-இல் அவை வெளிவந்தன. ஒன்று இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. பக்தி நூலும் பொருளாதார நூலும் ஒரே கையிலிருந்து, ஒரே சிறையிலிருந்து வந்தன என்பது கருதத்தக்கது. இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரம் உண்டு என்றார் அவர். தான் ஒட்டி வாழும் உயிரையே அழிக்கும் புல்லுருவி வகை, அடித்துப் பறித்து உண்ணும் வகை, தானே முயன்று ஈட்டும் வகை, தேனீக்களைப் போலக் கூட்டத்தின் நன்மைக்கு உழைக்கும் வகை, குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையைப் போலக் கைம்மாறு கருதாது தொண்டு செய்யும் வகை என அவற்றை வரிசைப்படுத்தினார். மனிதன் முதல் இரண்டிலிருந்து ஏறிக் கடைசிப் படிக்குச் செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை.

மனநிறைவைப் பற்றி அவர் கூறியது நம் வினாவுக்கு நேராக வருகிறது. பண்டங்களைக் குவிக்கும் வாழ்வை உயர்ந்த வாழ்க்கைத் தரம் என்றும், எளிய வாழ்வைத் தாழ்ந்த தரம் என்றும் அழைப்பது தவறு என்றார். முன்னதைச் சிக்கலான வாழ்வு என்றும் பின்னதை எளிய வாழ்வு என்றுமே சொல்லவேண்டும். ஆனால் எளிமை வேறு, இல்லாமை வேறு. வயிறார உண்டு, மானத்தோடு உடுத்து, அறிவு வளர வாழ்வது எளிமை. அவை கிடைக்காமல் வாடுவது இல்லாமை. எளிமையைப் போற்றுவது நெறி; இல்லாமையைப் போற்றுவது கொடுமை. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், குமரப்பா மறைந்தார். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தவர் அவர். "போதும்" என்ற சொல்லை முதலில் தம் வருவாயின் மேல் வைத்தவர். அதனாலேயே அச்சொல்லைப் பிறரிடம் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

மாணவச் செல்வங்களே, இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பாருங்கள். சிறையிலிருந்த பவுல் தம் பசியை நோக்கி நிறைவைச் சொன்னார். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் தம் தந்தையின் செல்வத்தை நோக்கிச் சொன்னார். பிரெசிலாக் தம் பதவியை நோக்கிச் சொன்னார். ஸ்டேன்ஸ் தம் வருவாயின் ஒரு பகுதியை நோக்கிச் சொன்னார். குமரப்பா தம் வாழ்வு முழுவதையும் நோக்கிச் சொன்னார். இம்மரபில் எங்கெல்லாம் அச்சொல் ஒளி வீசியதோ, அங்கெல்லாம் அது சொன்னவன் தலையிலேயே முதலில் விழுந்தது. எங்கெல்லாம் அது உடையவனிடமிருந்து இல்லாதவனை நோக்கி ஏவப்பட்டதோ, அங்கெல்லாம் அது கூலியைக் குறைக்கும் கருவியாயிற்று.

என் மாணவனுக்கு வருகிறேன். அன்று நான் கூறவேண்டியிருந்த விடை இதுதான்: "தம்பி, அந்தப் பழமொழி இருவருக்கும் உரியதே, ஆனால் வரிசை உண்டு. முதலாளி தன் இலாபத்தை நோக்கி அதைச் சொல்லட்டும். உன் தந்தைக்குச் சேரவேண்டிய கூலி முழுதும் சேரட்டும். அதன் பின்னர், மேலும் மேலும் என்று மனம் அலையும்போது, உன் தந்தை தன்னை நோக்கி அதைச் சொல்லிக்கொள்ளட்டும். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் உரிமை எனக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை."

அந்த விடையை அவனிடம் சொல்ல எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஆலைகள் பல மூடப்பட்ட காலம் அது. ஸ்டேன்ஸ் மில்லும் 1974-இல் தேசியப் பஞ்சாலைக் கழகத்தைச் சேர்ந்து, பின்னர் ஓய்ந்துபோயிற்று. என் மாணவன் கணபதிப் பக்கத்தில் சிறு லேத் பட்டறை ஒன்று வைத்திருந்தான். நான்கு பேர் வேலை செய்தனர். ஒரு சனிக்கிழமை மாலை நான் அங்கே சென்றபோது, அவன் வாரக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தான். நால்வருக்கும் எண்ணிக் கொடுத்தபின் அவன் மேசையில் மிஞ்சியது சில நூறு ரூபாய்கள். "இந்த வாரம் ஆர்டர் கம்மிங்க சார்" என்று சிரித்தான். நான் விடையைச் சொன்னேன். அவன் தலையை அசைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா இருந்தப்பவே சொல்லியிருக்கலாமுங்க" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆசிரியன் ஓய்வுபெற்றாலும் வீட்டுப்பாடம் கொடுக்கும் பழக்கம் அவனை விடாது. கருமத்தம்பட்டிக்குச் சென்று பாருங்கள். கோவையின் பழைய பள்ளிகளின் முகப்பிலுள்ள கல்வெட்டுகளைப் படியுங்கள். உங்கள் தெருவில் பஞ்சாலையில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் அமர்ந்து, முதற் கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, விடுமுறை உண்டா என்று கேட்டு எழுதுங்கள். பெரிய தத்துவங்களின் உரைகல் அந்தச் சிறு கணக்குகளிலேதான் இருக்கிறது.